விரல் ரேகை மெஷினைக் கழற்றியாச்சு. இனி வேலையை எதை வைத்து அளக்கிறது?

கேத்தி_காற்று | திங்கள், காலை 6.40

குன்னூரில் பதினோரு பேர் வேலை பார்க்கிற சின்ன ஆபீஸ் என்னுடையது. கடைகள், காட்டேஜ்கள், பச்சை இலை வாங்கி அரைக்கிற தேயிலை ஃபேக்டரி மூன்று. இவர்களுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பதுதான் தொழில்.

போன ஜனவரி வரைக்கும் வாசல் சுவரில் விரல் ரேகை மெஷின் இருந்தது. 9.30க்குள் விரல் வைக்கணும். மாதத்தில் மூன்று தாமதம் ஆனால் அரை நாள் சம்பளம் போச்சு. நான் போட்ட சட்டம்தான், வேறு யார் மேலும் பழி இல்லை.

பனிக்காலத்தில் இங்கே காலையில் விரல் பதியாது. தோல் காய்ந்து, ரேகைக்கு மேல் வெள்ளையாகச் செதில் நிற்கும். எதிர் டீக்கடையில் டம்ளரைப் பிடித்து உள்ளங்கையைச் சூடாக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ஊதுவார்கள், சுவெட்டரில் தேய்ப்பார்கள், மறுபடி வைப்பார்கள். 9.20க்கு வாசலில் நின்ற பெண் 9.41க்குப் பதிவாவாள். வரிசை படிக்கட்டு வரைக்கும் நிற்கும்.

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண். பஸ் நிறுத்தத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் தேயிலைக்கு நடுவே நடக்கணும். ஒரு நாள் வழியில் ஏழெட்டு காட்டுமாடு படுத்திருக்கிறது. எழுந்து போகிற வரைக்கும் காத்திருந்து, அடுத்த பஸ்ஸைப் பிடித்து, 10.35க்கு வந்தாள். அது அந்த மாதத்தில் மூன்றாவது தாமதம், அரை நாள் பிடித்தேன். அன்று மத்தியானமே ஒரு ஃபேக்டரி கணக்கில் ஒரே பில் இரண்டு தடவை ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிப்ரவரியில் மெஷினைக் கழற்றினேன். எப்போது வேணாலும் வாங்க, போங்க. ஆளுக்கு இத்தனை கிளையன்ட். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் சொல்கிற ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டுகிற 3பி, தப்பில்லாமல் போகணும். அவ்வளவுதான் என்றேன்.

எட்டு மாசம் ஆச்சு. யாரும் ஓபி அடிக்கவில்லை, அது நிஜம். ஆனால் மூன்று சிக்கல். காலை பத்து மணிக்குப் போன் அடித்தால் எடுக்கப் போதுமான ஆள் இருப்பதில்லை. பத்தொன்பது வருஷமாக ஒன்பதுக்கு டாண் என்று வந்து கதவு திறக்கிற எங்கள் மூத்த கணக்கர், "அப்போ நான் நேரத்துக்கு வந்ததுக்கெல்லாம் ஒண்ணும் இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டார். மூன்றாவதுதான் பெரிது. யார் எத்தனை தாக்கல் செய்தார்கள் என்று சுவரில் ஒரு சார்ட் ஒட்டினேன். ஒரு தம்பி 34. கோத்தகிரிப் பெண் 9. மூத்தவர் 7. தீபாவளி போனஸை அந்த சார்ட்டைப் பார்த்துப் போடுவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பலனைப் பார்த்துச் சம்பளம் கொடுக்கிறவர்கள் நிஜமாக எதைத்தான் எண்ணுகிறீர்கள்?

கல்லார்_கொண்டைஊசி | திங்கள், காலை 7.05

அக்கா, இந்த இழையை எங்க ஓனருக்கு அனுப்பிக்கவா? போன வாரம் பர்லியார் கிட்ட மரம் விழுந்து ரெண்டு மணி நேரம் நின்னேன். "கொஞ்சம் முன்னாடியே கிளம்பியிருக்கலாமே"ன்னார். முன்னாடி கிளம்பியிருந்தா என் மேலயே விழுந்திருக்கும்.

கோவை_மனிதவளம் | திங்கள், காலை 9.50

மேடம், நீங்கள் செய்ததற்கு வெளியே ஒரு வரலாறே இருக்கிறது. அவரவர் வசதிப்படி வந்து போகிற நெகிழ்நேரம் 1967இல் ஜெர்மனியில் மியூனிக் பக்கம் ஒரு விமானத் தயாரிப்பு நிறுவனத்தில்தான் முதலில் பெரிதாக வந்தது. எல்லோரும் ஒரே நேரத்துக்கு வந்து ரோடு அடைத்துக்கொண்டது காரணம். மே மாசத்தில் குன்னூர் ரோட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இன்னும் ஒரு படி மேலே போய், நேரத்தையே பார்க்காமல் பலனை மட்டும் பார்ப்பது அமெரிக்காவில் பெஸ்ட் பை என்ற எலக்ட்ரானிக்ஸ் கடை நிறுவனத்தின் தலைமையகத்தில் 2000களின் நடுவில் நடந்தது. காலி ரெஸ்லர், ஜோடி தாம்சன் என்று இரண்டு பெண்கள் உருவாக்கியது. மீட்டிங்குக்குக்கூட வந்தே ஆகணும் என்று இல்லை.

சீனாவில் சிட்ரிப் என்ற பயணப் பதிவு நிறுவனம் 2010-11இல் ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தியது. விருப்பப்பட்ட கால் சென்டர் ஆட்களில் பிறந்த தேதி இரட்டைப்படையில் வருகிறவர்கள் வீட்டிலிருந்து வேலை, மற்றவர்கள் ஆபீஸ். வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது.

என் ஆலோசனை: 11 முதல் 3 வரை எல்லோரும் இருக்கணும் என்று மையநேரம் வையுங்கள். ஒவ்வொருவருக்கும் அளக்கக்கூடிய இலக்கு கொடுங்கள். போனஸ் அதன்படி. சார்ட்டை எடுக்காதீர்கள், வெளிப்படைத்தன்மை நல்லது.

மலைமேல்_கோடு | திங்கள், மதியம் 1.15

மனிதவளம் சார், மீதியையும் சொல்லிடுங்க. பெஸ்ட் பை அதை 2013இல் நிறுத்திருச்சு. அதே வருஷம்தான் யாஹூவும் வீட்டிலிருந்தவங்களைத் திரும்பக் கூப்பிட்டது. சிட்ரிப்ல கூடின 13ல 9 சதவீதம், ஆளுங்க அதிக நிமிஷம் வேலை பார்த்ததால வந்தது. பிரேக் குறைஞ்சது, லீவு குறைஞ்சது. ஒரு நிமிஷத்துல செய்யற வேலை கூடினது 4 சதவீதம்தான். ஒன்பது மாசம் முடிஞ்சதும் வீட்டிலிருந்தவங்கள்ல பாதிப் பேர் ஆபீசுக்கே வர்றோம்னுட்டாங்க. தனிமை தாங்கல. வீட்டிலிருந்தவங்க நல்லா வேலை செஞ்சும், அதுக்கேத்த அளவுக்குப் புரமோஷன் வரல. கண்ணுல படாதவன் கணக்குல படல.

கொழுந்துக்கூடை | திங்கள், இரவு 8.30

பலனை வைத்து ஆளை அளப்பது ஏதோ ஜெர்மனி, அமெரிக்கா விஷயம் மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு நாள் சாயங்காலம் தேயிலைத் தோட்டத்து எடைக் கொட்டகை வாசலில் வந்து நில்லுங்கள்.

நான் கூடலூர்ப் பக்கம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அம்மா 31 வருஷம் கொழுந்து எடுத்தவர். எந்த எஸ்டேட் என்று சொல்லவில்லை, அங்கே இன்னும் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

அம்மா காலத்தில் அங்கே நிர்ணயம் 25 கிலோ. எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். 25க்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இத்தனை என்று கிலோக் காசு. இதைவிடச் சுத்தமான "பலன்" எங்கே இருக்கு? பொய் சொல்லாத தராசு, பார்த்தால் தெரிகிற முள்.

ஆனால் அந்த 25 கிலோவை யார் தீர்மானித்தது என்று பாருங்கள். காலையில் மேஸ்திரி நிரை பிரிப்பார், அதாவது யாருக்கு எந்தச் செடி வரிசை என்று. ஓடையோரத்து நிரை கிடைத்தால் செடி தளதளவென்று இருக்கும், இடுப்பு உயரம், மூன்று மணிக்குள் கூடை நிறையும். மேட்டு நிரை கிடைத்தால் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, பாறை, அட்டை. அம்மா மேஸ்திரியிடம் சிரித்துப் பேசாதவர். வருஷத்தில் பாதி நாள் மேட்டு நிரை. பிப்ரவரி, மார்ச்சில் செடி கொழுந்தே விடாது, நிர்ணயம் மட்டும் அப்படியே நிற்கும். ஜூலையில் மழையோடு எடுத்தால் இலை ஈரமாக இருக்கிறது என்று எடையில் இரண்டு, மூன்று கிலோ தண்ணிக் கழிவு. கழிவு எவ்வளவு என்பதற்குத் தராசு கிடையாது, எழுதுகிறவர் முகத்தைப் பொறுத்தது.

கிலோதான் பேசும் என்றானதும் கை என்ன செய்யும்? ரெண்டு இலை ஒரு மொட்டு என்று சொல்லிக்கொடுத்ததெல்லாம் மத்தியானத்தோடு சரி. நாலு மணிக்கு நிர்ணயத்துக்கு மூன்று கிலோ குறைந்தால் முத்தின இலையும் காம்பும் சேர்ந்து வரும். நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள் வரும், அதில் முத்தல் கலந்தால் தூள் எப்படி இருக்கும்? அப்புறம் ஃபேக்டரியில் தரம் இல்லை என்று அங்கேயும் திட்டு.

இத்தனைக்கும் நேரச் சுதந்திரம் இருந்ததா? காலை மஸ்டருக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, கால் மணி நேரம் பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடிகாரமும் தராசும் ரெண்டு கயிறும் ஒரே கழுத்தில்.

கேத்தி அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சுவரில் ஒட்டியிருக்கிற சார்ட் எடைக் கொட்டகை ஸ்லேட்டேதான். 34 போட்ட தம்பிக்கு ஓடை நிரை கொடுத்தது யார்?

கேத்தி_காற்று | திங்கள், இரவு 10.10

நான்தான்.

அவனுக்கு எல்லாம் காட்டேஜ், பெட்டிக்கடை. மாதத்துக்கு இருபது பில். அவளுக்கு மூன்று ஃபேக்டரி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் இலை வரவு, ஏலத்துக்குப் போன தூள், கிடங்கு, லாரி வாடகை. ரெண்டுக்கும் சார்ட்டில் ஒரே ஒரு கோடு. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

ஓய்வுபெற்ற_ஷிப்ட் | செவ்வாய், காலை 5.30

35 வருடம் ஷிப்ட் தொழிலாளி. இப்போதும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும், அதனால் இந்த நேரத்துப் பதிவு.

இளையவர்கள் எல்லாரும் கடிகாரத்தை எதிரி மாதிரிப் பேசுகிறீர்கள். எங்களுக்குச் சங்கு ஊதும். ஊதினால் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அதற்குப் பிறகு எந்த அதிகாரியும் என்னைக் கூப்பிட முடியாது, கூப்பிட்டால் ஓவர்டைம். அப்போது இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948, பிரிவு 59, இரட்டைச் சம்பளம். உங்கள் ஆபீசில் சங்கு எப்போது ஊதுகிறது அம்மா? "எப்போது வேணாலும் வாங்க" என்பதற்கு இன்னொரு பக்கம் "எப்போது வேணாலும் வேலை" என்பதுதானே?

கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947 உங்களுக்கும் பொருந்தும். ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மெஷினைக் கழற்றிவிட்டீர்கள், நல்லது. யார் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பதற்கு இப்போது உங்களிடம் என்ன பதிவு இருக்கிறது? 20ஆம் தேதிக்கு முந்தின இரண்டு நாள் எத்தனை பேர் தூங்காமல் இருந்தார்கள் என்று தெரியுமா?

"நெகிழ்வு" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு 2023 ஏப்ரல் ஞாபகம் வரும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்று சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்களே, அதற்கும் நெகிழ்வான வேலை நேரம் என்றுதான் பெயர். 21ஆம் தேதி நிறைவேறி, 24ஆம் தேதி நிறுத்தி வைத்து, மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். கூட்டணிக் கட்சிகளும் சங்கங்களும் சும்மா விடவில்லை. நெகிழ்கிறது யார், இழுக்கிறது யார் என்று பார்க்காமல் அந்தச் சொல்லை நம்பக் கூடாது.

ராத்திரி_பதினொண்ணு | செவ்வாய், இரவு 11.20

ஐயா சொன்ன சங்கு என் வீட்டுல ஊதவே இல்லை.

ஊட்டியிலிருந்து வேலை பார்க்கறேன், கம்பெனி சென்னையில. ரெண்டு குழந்தைங்க. நேரம் உங்க இஷ்டம்னு சொன்னப்போ அழுகையே வந்துச்சு, அவ்வளவு சந்தோஷம். காலையில சமையல், ஸ்கூல், மாமியாருக்கு மருந்து. பத்துலேர்ந்து ரெண்டு வரைக்கும் வேலை. ஸ்கூல் வேன் வந்துடும். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு பதினொண்ணுக்கு மறுபடி திறப்பேன், ஹீட்டரைக் காலுக்குக் கீழ வெச்சுக்கிட்டு.

நான் பதினொண்ணரைக்கு ஒரு மெயில் போட்டா, மேனேஜர் ஆறு மணிக்கு எழுந்ததும் பதில் போடுவார். அவர் நேரம் அவர் இஷ்டம், சரிதானே. ஆறரைக்கு நான் பார்க்கலைன்னா எட்டுக்கு "பார்த்தீங்களா?". தோசை திருப்பிக்கிட்டே ஒரு கையால டைப் பண்றேன். ஆகமொத்தம் காலை ஆறுல இருந்து ராத்திரி ஒண்ணு வரைக்கும் நான் வேலையில இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. பிரான்ஸ்ல 2017லேர்ந்து வேலை நேரம் முடிஞ்சா தொடர்பைத் துண்டிச்சுக்கற உரிமைன்னு சட்டமே இருக்காம்.

ஆனா பழையபடி ஒன்பதுல இருந்து ஆறுன்னா நான் வேலையை விட்டிருப்பேன். அதையும் எழுதிடறேன். கேத்தி அக்கா, கழற்றின மெஷினைத் திரும்ப மாட்டிடாதீங்க.

மூணு_ரூம்_காட்டேஜ் | புதன், காலை 11.00

எனக்குத் தெரிந்த ஒன்று. ரூம் சுத்தம் செய்ய வருகிற அம்மாவுக்கு மாதச் சம்பளத்தை மாற்றி ரூமுக்கு இவ்வளவு என்று ஆக்கினேன். எப்போது வந்தாலும் சரி என்றேன். இரண்டு மாதத்தில் தலையணை உறையை மாற்றாமல் திருப்பிப் போட ஆரம்பித்தார்கள். விருந்தினர் ஒருத்தர் உறைக்குள் நீள முடி கிடந்ததைப் போட்டோ எடுத்து நெட்டில் போட்டுவிட்டார். அம்மாவைத் திட்டப் போனேன், "ரூமுக்குத்தானே காசு, உறைக்கா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

அப்புறம் சீசனில் 11 மணிக்கு ஒரு குடும்பம் போகும், 1 மணிக்கு அடுத்தது வந்து நிற்கும். நடுவில் ரெண்டு மணி நேரம்தான். அங்கே நேரம்தான் பலன், நெகிழ ஒன்றும் இல்லை. பழையபடி மாதச் சம்பளத்துக்கே போய்விட்டேன்.

கேத்தி_காற்று | புதன், மதியம் 12.20

காட்டேஜ் அண்ணா, நீங்கள் எங்கள் கிளையன்ட் இல்லை என்று நம்புகிறேன். இருந்தால் ஒரு விண்ணப்பம்: பில்லையெல்லாம் பிரெட் கவரில் சுருட்டி 19ஆம் தேதி சாயங்காலம் கொண்டுவந்து போடாதீர்கள். அதில் பாதி மழையில் நனைந்து இங்க் கரைந்திருக்கும். அப்புறம் தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 50 ரூபாய் வந்தால் எங்கள் பிள்ளைகள் தலையில்.

மூணு_ரூம்_காட்டேஜ் | புதன், மதியம் 12.45

பிரெட் கவர் இல்லை, வறுக்கி கவர். 😅

அரை_ஏக்கர் | புதன், மாலை 6.15

சிறு விவசாயி நான், எனக்கு முதலாளி யாரும் இல்லைங்க. எந்த நேரத்துக்கும் இலை எடுக்கலாம். ஆனா இலை வண்டி மூணரைக்கு வளைவுல வந்து ஹாரன் அடிக்கும். அதுக்குள்ள சாக்கு ரோட்டுக்கு வரலைன்னா ராத்திரி பூரா இலை சூடேறி, காலையில செவந்து கிடக்கும். சொந்த முதலாளிக்கும் ஒரு வண்டி இருக்குதுங்க.

மட்டுறுத்துநர் | புதன், இரவு 9.00

நடுவில் வந்த இரண்டு பதிவுகளில் ஒரு நிறுவனத்தின் பெயரும் ஒரு மேலாளரின் பெயரும் இருந்ததால் நீக்கியிருக்கிறேன். அனுபவத்தை எழுதுங்கள், பெயர் வேண்டாம்.

மலைமேல்_கோடு | வியாழன், காலை 8.00

என் கதையையும் சொல்லிடறேன். பெங்களூர் டீம், 2020 லாக்டவுன்ல கோத்தகிரி வீட்டுக்கு வந்தவன், திரும்பிப் போகலை. முதல் மேனேஜர் "நாங்க பலனைத்தான் பார்ப்போம்"னு சொல்லிட்டு, சாட்ல பேருக்குப் பக்கத்துல இருக்கற பச்சைப் பொட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார். அஞ்சு நிமிஷம் தொடலைன்னா மஞ்சள் ஆயிடும், உடனே "ஆர் யூ தேர்?". ஆடி மாசம் இங்க காத்து அடிச்சா கரண்ட் எப்போ போகும்னு தெரியாது, கூடவே நெட்டும் போயிடும்.

எங்க டீம்ல ஒருத்தன் வழி கண்டுபிடிச்சான். முள் ஓடற பழைய கைக்கடிகாரத்து மேல மவுசைக் கவுத்து வெச்சுடணும். வினாடி முள் அடியில ஓட ஓட, மவுஸ் அசையறதா கம்ப்யூட்டர் நினைச்சுக்கும், பொட்டு பச்சையாவே இருக்கும். நானும் அப்பாவோட எச்எம்டி வாட்ச்சை எடுத்தேன். ஒரு மாசம் அது எனக்குப் பதிலா வேலை பார்த்துச்சு. ஷிப்ட் ஐயா கேட்டா வருத்தப்படுவார்.

அடுத்து வந்த மேனேஜர் அம்மா வேற மாதிரி. திங்கட்கிழமை நாம மூணு விஷயம் எழுதணும், இந்த வாரம் இதை முடிப்பேன்னு. வெள்ளிக்கிழமை பதினஞ்சு நிமிஷம் பேச்சு. முடிஞ்சதா, இல்லைன்னா எது தடுத்துச்சு. "எது தடுத்துச்சு"ங்கற கேள்விதான் எல்லாத்தையும் மாத்திச்சு. கரண்ட் இல்லைன்னு நான் சொன்னா, அடுத்த மாசம் கம்பெனி யுபிஎஸ் அனுப்பிச்சு. பழைய ஆளா இருந்தா என் மார்க்கைத்தான் குறைச்சிருப்பார்.

ஆனா அந்த முறையிலயும் ஒரு ஓட்டை. புதுசா சேர்ந்த பொண்ணுக்கு நான் தினம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். அது என் மூணு விஷயத்துல வராது. மூணு வாரத்துல என்னையறியாமலேயே அவ போன் வந்தா எடுக்காம விட ஆரம்பிச்சேன். நான் கெட்டவன் இல்லைங்க, எண்ணாதது மெதுவா நின்னு போகுது. கேத்தி அக்கா, உங்க மூத்தவரோட 7ஐப் பார்த்ததும் எனக்கு இதுதான் தோணுச்சு. அவர் நாள் பூரா என்ன பண்றார்னு எப்பவாவது பார்த்தீங்களா?

கோவை_மனிதவளம் | வியாழன், காலை 10.30

எல்லோரும் விதிவிலக்குகளையே எழுதுகிறீர்கள். அளக்கவே கூடாது என்றால் பிறகு முதலாளிக்குப் பிடித்தவனுக்கு போனஸ் என்று ஆகும். மேஸ்திரி நிரை பிரித்த கதையும் அதுதானே? தராசாவது எல்லோருக்கும் ஒரே தராசு.

கொழுந்துக்கூடை | வியாழன், இரவு 9.15

சார், இதில் நீங்கள் சொல்வது சரி. அம்மாவும் தராசை வெறுத்ததில்லை. "தராசு இல்லேன்னா எனக்குப் பத்து கிலோதான் எழுதியிருப்பானுங்க" என்பார். அவருக்குக் கோபம் மூன்று விஷயத்தில்தான்: நிரையை யார் பிரிக்கிறார், மழையில்லாத மாதத்தில் நிர்ணயம் ஏன் இறங்கவில்லை, கழிவை யார் எழுதுகிறார். இந்த மூன்றையும் கேட்கிற உரிமை எடுக்கிறவர்களுக்கும் இருந்திருந்தால் அதே தராசு நல்ல தராசுதான்.

இன்னொன்று. விரல் பதியாத கதை படித்துச் சிரித்தேன். அம்மாவுக்கு ரேஷன் கடையில் இப்போதும் பத்து விரலும் பதியாது. 31 வருஷக் காம்பு ஒடித்ததில் கட்டை விரல் ரேகை வழவழவென்று ஆகிவிட்டது. பில் போடுகிறவர் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு விரலாக வைக்கச் சொல்லிப் பார்ப்பார்.

கேத்தி_காற்று | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.30

மழையும் மண்சரிவுமாக இருந்ததால் இந்தப் பக்கம் வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மலைமேல் தம்பி கேட்ட கேள்வியால் ஒரு நாள் முழுக்க மூத்தவர் மேஜையைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து, அவரிடம் யார் போனாலும் காகிதத்தில் ஒரு கோடு போட்டேன். சாயங்காலம் எண்ணினால் 23. "சார், இந்த இலை வவுச்சருக்கு வரி உண்டா", "சார், போன வருஷம் இதை எந்தத் தலைப்புல போட்டோம்", "சார், அந்த செட்டியார் கடைக்காரர் திட்டறார், நீங்க பேசுங்க". 34 போட்ட தம்பி மட்டும் ஆறு தடவை. அந்த 34இல் எத்தனை இவருடையது என்று யாரால் பிரிக்க முடியும்? சார்ட்டை அன்றைக்கே கிழித்தேன். கிழிக்கும்போது அவர் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரில் டேலி கணக்குக்குள் முகம் புதைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்து, எந்தக் கணக்கு எத்தனை கணக்குக்குச் சமம் என்று அவர்களையே தீர்மானிக்கச் சொன்னேன். மூன்று மணி நேரம் சண்டை. ஒரு ஃபேக்டரி நாலு காட்டேஜ் என்றான் தம்பி. எட்டு என்றாள் அவள். "சரி, ஒரு மாசம் மாத்திக்கலாம்" என்று அவளே ஒரு ஃபேக்டரியை அவனிடம் தள்ளினாள். ஒன்பதாம் நாள் அவனே வந்து, "மேடம், எட்டு இல்லை, பத்து" என்றான். இப்போதைக்குப் பத்து. பிப்ரவரி, மார்ச்சில் இலை குறைகிறபோது அதையும் குறைத்துப் பேசுவதாக ஏற்பாடு (கொழுந்துக்கூடை, இது உங்கள் அம்மாவுக்காக).

கிளையன்ட் பில் கொண்டுவந்த தேதியை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். 15ஆம் தேதிக்குப் பிறகு வந்த பிரெட் கவருக்கும் வறுக்கி கவருக்கும் எங்கள் ஆள் பொறுப்பில்லை. கிளையன்ட்டுகள் முணுமுணுக்கிறார்கள். இரண்டு பேர் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், போகலாம்.

போனுக்கு 10 முதல் 5 வரை ரெண்டு பேர், முறை வைத்து. யார் என்றைக்கு என்பதை அவர்களே மாற்றிக்கொள்வார்கள், எனக்குத் தெரிந்தால் போதும். மனிதவளம் சார் சொன்ன மையநேரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ராத்திரி 8 முதல் காலை 7 வரை குரூப்பில் யாரும் எதுவும் போடக் கூடாது, முக்கியமாக நான். ஷிப்ட் ஐயா சொன்னபடி ஒரு நோட்டில் அவரவர் உழைத்த மணியை அவரவரே எழுதுகிறார்கள். மாதம் 18, 19, 20 மூன்று நாளும் சேர்ந்து ஒரு ஆளுக்கு 38 மணி வந்திருக்கிறது. எனக்கு அது தெரியவே தெரியாது. 20 தாண்டியதும் அவர்களுக்கு ஈடு லீவும் ஓவர்டைமும் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் ஒரு ஆள் கூட்டணும் போல.

மூத்தவர் இப்போதும் ஒன்பதுக்கு வந்துதான் கதவு திறக்கிறார். "எப்ப வேணா வரலாம்னா, நான் ஒன்பதுக்கு வரலாமில்ல?" என்றார். சொல்லிக்கொடுக்கிற நேரத்துக்கு என்று அவர் கணக்கிலிருந்து இரண்டு கிளையன்ட்டைக் குறைத்தேன். முதலில் முகம் சுருங்கியது. சம்பளம் குறையாது என்று தெரிந்த பிறகு சரியாகிவிட்டார்.

தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் போனஸ் போட்டேன். ஜனவரியில் காட்டுமாட்டுக்காகப் பிடித்த அரை நாளையும் அவள் கணக்கில் சொல்லாமல் சேர்த்துவிட்டேன். மறுநாள் சம்பளச் சீட்டோடு வந்து நிற்கிறாள்: "மேடம், எனக்கு 340 ரூபாய் அதிகமா ஏறியிருக்கு. எந்தத் தலைப்புன்னு தெரியலை, செக் பண்ணிடுங்க."

ஓய்வுபெற்ற_ஷிப்ட் | ஞாயிறு, மாலை 5.10

அந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள் அம்மா. 38 மணி என்று எழுதியவர் யாரோ, அவரிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கோவை_மனிதவளம் | ஞாயிறு, இரவு 7.40

ஒரே விகித போனஸில் எனக்கு உடன்பாடில்லை, அடுத்த வருஷம் இதே இழையில் பேசுவோம். அந்த ஒரு மாச மாற்றம் நல்ல யோசனை, எங்கள் ஆபீசில் திருடிக்கொள்கிறேன்.

இலைச்_செட் | திங்கள், காலை 7.20

புது உறுப்பினர். இழை முழுசும் படிக்கலை, தலைப்பைப் பார்த்து வந்தேன். அந்த விரல் ரேகை மெஷின் விற்பனைக்கா மேடம்? எங்க தோட்டத்துல காலை மஸ்டருக்கு ஒண்ணு தேவைப்படுது. 60 ஆள்.

கொழுந்துக்கூடை | திங்கள், காலை 7.31

ஐயோ.

கேத்தி_காற்று | திங்கள், காலை 8.05

விற்பனைக்கு இல்லைங்க. ஸ்டோர் ரூமில் ஜன்னல் காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறது. இப்போது அது ஒன்றுதான் தாமதமே இல்லாமல் வேலையில் நிற்கிறது.